முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால்

முன் சக்கரங்களை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி நிறுத்தி, டயரின் குறுக்கே உள்ளங்கையால் உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் மெதுவாகத் தடவிப் பாருங்கள் (கம்பி தெரியும் டயரில் கை வைக்க வேண்டாம்; அதை மாற்றத்தான் வேண்டும்). ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால், பெரும்பாலும் டோ அளவு (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளாகவோ வெளியாகவோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருக்கும். இரு ஓரங்களும் ஒருசேரத் தேய்வது காற்றுக் குறைவின் அடையாளம். நடுப்பகுதி மட்டும் தேய்வது காற்று மிகுதியால்.

அலைன்மென்டுக்கு (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வதற்கு) முன், வண்டியைத் தூக்கித் தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தை அசைத்துப் பார்த்து, இடவலமாக ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டையும், மேல்கீழாக இருந்தால் பால் ஜாயின்டையும் பேரிங்கையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்; தேய்ந்த பாகத்தை மாற்றாமல் செய்யும் அலைன்மென்ட் வீண் செலவே. பல சிறிய கார்களில் டோவை மட்டுமே திருத்த இயலும் என்பதால், கேம்பருக்கென (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளாகவோ வெளியாகவோ சாய்ந்திருக்கும் அளவு) தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளையும் மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.