இடம் பத்தலையா? காம்பாக்ட் சிலிண்டர் மாட்டுறது எப்படி

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஆட்டோமேஷன் லைன்ல புதுசா சேர்ற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்குறது இது, மெஷின்ல இடம் கம்மியா இருக்கு, சாதா ஏர் சிலிண்டர் (காத்தழுத்தத்துல பிஸ்டனோட ராடைத் தள்ளி இழுக்குற சாதனம்) உள்ளேயே போகல, என்ன செய்யலாம்னு. காம்பாக்ட் சிலிண்டர் போடலாம், அதே ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ராட் போய் வர்ற தூரத்துக்கு, உடம்பு ரொம்பக் குட்டை. ஆனா குட்டையா இருக்குறதால ராடைத் தாங்குற புஷ்ஷும் சின்னது, பக்கவாட்டுல பாரம் விழுந்தா தாங்காது.

முதல்ல போர் சைஸ், அதாவது சிலிண்டரோட உள்விட்டம் பாருங்க. காத்தழுத்தத்தை பிஸ்டன் பரப்பால பெருக்கணும், அவ்வளவுதான். 32 மி.மீ. போர்னா அதுல பாதி 1.6 செ.மீ., 1.6 × 1.6 × 3.14, சுமார் 8 சதுர செ.மீ., 6 பார்ல கிட்டத்தட்ட 48 கிலோ தள்ளும். திரும்பி இழுக்குறப்போ 12 மி.மீ. ராட் இடத்தை அடைச்சுக்கும், அதனால 42 கிலோதான். சீல் உராய்வு இருக்கு, லைன்ல பிரஷரும் இறங்கும், அதனால நான் எப்பவும் இதுல பாதியத்தான் நம்புவேன்.

அடுத்தது கைடு, அதாவது பாரத்தைத் தாங்கி நேரா நகர வைக்கிற தண்டவாளம் மாதிரி ஒண்ணு, இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. நான் முன்ன இருந்த ஒரு கம்பெனியில ட்ரே தள்ளுறதுக்கு ராட் நுனியிலேயே எல் பிராக்கெட்டை முறுக்கி வச்சிருந்தோம், கொஞ்ச நாள்லயே உஸ்ஸுன்னு காத்து கசிய ஆரம்பிச்சிடுச்சு, கழட்டிப் பாத்தா ராடோட அடிப்பக்கம் மட்டும் நீளத்துக்கு கோடு கோடா கீறல், மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. புதுசு மாத்தினோம், அதுவும் அப்படியே போச்சு. அப்புறம் ட்ரே பாரத்தை லீனியர் கைடு மேல ஏத்திட்டு, ராடுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல ஃப்ளோட்டிங் ஜாயின்ட் வச்சோம், பிரச்சினை நின்னுச்சு. கைடும் ராடும் துளி கோணலா இருந்தாலும் அந்த ஜாயின்ட் வாங்கிக்கும்.

இப்போ டியூப். மெயின் ஏரை மூடி, லைன்ல மிச்ச காத்தையும் வெளியேத்தி, கேஜ் சைபர் காட்டினதுக்கு அப்புறம்தான் கை வைக்கணும், தயவுசெஞ்சு இதுல அவசரப்படாதீங்க. சிலிண்டரோட ரெண்டு போர்ட்டுல (காத்து போய் வர்ற துளை) இருந்தும் 5/2 சொலினாய்டு வால்வுக்கு (5 போர்ட், 2 நிலை உள்ள, கரண்ட்ல மாறுற வால்வு) டியூப் போகும். டேப்பர் திரெட்டுக்கு (நுனி பக்கம் ஒடுங்குற மரை) டெஃப்லான் டேப் சுத்துறப்போ முதல் திரெட்டை விட்டுட்டு சுத்துங்க, இல்லன்னா பிஞ்ச துணுக்கு வால்வுக்குள்ள போய் மாட்டிக்கும். எம்5 (5 மி.மீ. திரெட்) ஃபிட்டிங்குக்கு டேப்பே வேணாம், அதுல சின்ன கேஸ்கெட் இருக்கு.

ஸ்பீட் கன்ட்ரோலர்ல வெளியேறுற காத்தை அடக்குற வகைய மாட்டுங்க, ஓட்டம் சீரா இருக்கும். ஆனா காத்தெல்லாம் இறக்கிட்டு மறுபடி திறந்தா முதல் ஸ்ட்ரோக்கு பாய்ஞ்சு வரும், ஏன்னா எதிர்ப்பக்கம் அடக்குறதுக்கு காத்தே இல்ல. கை தூரமா இருக்கட்டும், காத்தை மெதுவா ஏத்துற சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு போட்டா இன்னும் நல்லது.

பிஸ்டன் எங்க நிக்குதுன்னு காட்டுற ரீட் சென்சர் மாட்டணும்னா பிஸ்டன்ல மேக்னெட் உள்ள மாடலா பாத்து வாங்குங்க, ராடை கடைசி வரை கையால தள்ளி, லைட் எரியுற இடத்துல இறுக்குங்க.

நம்ம பினாங்கு ஈரக்காத்துல கம்ப்ரசர் டேங்க்ல தண்ணி சேந்துக்கிட்டே இருக்கும். தினமும் காலையில ஷிப்ட் ஆரம்பிக்கிறப்போ டேங்கையும் ஃபில்டர் கிண்ணத்தையும் டிரெயின் பண்ணிடுங்க.