கணிதக் கல்வி ஆய்வாளராக, ஆசிரியர்களின் ஆசிரியராக உருவாவது எப்படி?

கணிதத்தில் பட்டம் பெற்று, கணிதக் கல்வி ஆய்வைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் இத்துறையின் இயல்பை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. புதிய தேற்றங்களை நிறுவுவது இதன் வேலை அன்று. மாணவர்கள் கணிதத்தை எவ்வாறு கற்கின்றனர், எங்கே இடறுகின்றனர், கற்பிப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பவையே இதன் கேள்விகள். இந்தியாவில் இதற்கான பணியிடங்கள் பெரும்பாலும் கல்வியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைகளிலும் இருப்பதால், ஆய்வாளர் ஆசிரியர்களை உருவாக்குபவராகவும் இருக்க நேரும். அந்த இரண்டாம் வேலையை ஆய்வுக்கு இடையூறாக நினைப்பவர் இத்துறைக்கு வராமல் இருப்பதே மேல்.

தகுதியைப் பொறுத்தவரை, பி.எட். வகுப்பில் கணிதம் கற்பித்தல் பாடத்தை நடத்துவதற்குக் கணிதத்தில் முதுகலைப் பட்டத்தையும் எம்.எட். பட்டத்தையும் 55 விழுக்காட்டு மதிப்பெண்களுடன் பெற்றிருக்க வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. விதிகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதியில் இல்லாவிட்டாலும், சில ஆண்டுகளாவது பள்ளியில், முடிந்தால் ஆறாம், ஏழாம் வகுப்புகளில், கணிதம் நடத்திவிட்டு வருவது அவசியம் என்பது என் கருத்து.

முனைவர் பட்டத்திற்கு மும்பை மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் முதலில் நினைவுக்கு வரும். 1974இல் தொடங்கப்பட்டு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாக இயங்கும் அம்மையம், கணிதக் கல்வியையும் உள்ளடக்கிய அறிவியல் கல்விப் பிரிவில் முனைவர் பட்டம் அளிக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் பிற பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகளும் உள்ளன. எங்கே சேர்ந்தாலும், நெறியாளரின் பெயரைக் கேட்டதோடு நின்றுவிடாமல், அவரிடம் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் எடுத்து வாசித்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிமுறைப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள் அவருடன் கழிக்கப்போகிறீர்கள்.

ஆய்வுக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கடினமானது. 'மாணவர்களின் கணித மனப்பான்மையும் அடைவும்' என்னும் வகையில், ஒரு வினாத்தாள், ஒரு ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்), மாவட்டத்தின் பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் நம்மிடம் போதுமான அளவு உள்ளன. அவற்றில் கணிதமே இருப்பதில்லை.

மாறாக, ஒரு சிறிய பிழையிலிருந்து தொடங்கலாம். 0.35, 0.5 இவற்றில் எது பெரியது என்று கேட்டால், 35 ஆனது 5ஐ விடப் பெரியது என்பதால் 0.35 என்று சொல்லும் மாணவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நினைக்கும் இன்னொரு மாணவர் 0.5 என்று சரியாகவே சொல்வார். அடுத்து 0.75, 0.4 என்ற இணையைக் கொடுத்தால் முதலாமவர் 0.75 என்று சரியாகவும், இரண்டாமவர் 0.4 என்று தவறாகவும் விடையளிப்பார்கள். இருவருக்கும் இரண்டுக்கு ஒரு மதிப்பெண்தான். ஆனால் இருவரின் புரிதலும் நேரெதிரானவை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் அட்டவணையிடும் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. எனவே எந்த இணைகளைக் கேட்பது என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு, விடைத்தாளைத் திருத்தியபின் சில மாணவர்களைத் தனியே அமர்த்தி, பள்ளியின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் பதிவு செய்து, 'எப்படி யோசித்தாய்?' என்று கேட்க வேண்டும். கேட்கும்போது திருத்தக் கூடாது. பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவருக்கு இதைக் காட்டிலும் கடினமான பயிற்சி கிடையாது.

இதே கவனத்தைப் பி.எட். வகுப்பிற்கும் கொண்டு செல்லுங்கள். 1¾ஐ ½ஆல் வகுக்கச் சொன்னால் கணிதப் பட்டதாரிகள் தலைகீழாக்கிப் பெருக்கி 3½ என்று உடனே எழுதிவிடுவார்கள். அதற்குப் பொருத்தமான ஒரு வாழ்க்கைக் கணக்கை அமைக்கச் சொன்னால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இருவருக்குச் சமமாகப் பிரிக்கும் கணக்கைப் பலர் தருவார்கள். அது 2ஆல் வகுப்பது. அரை லிட்டர் பாத்திரங்கள் எத்தனை நிரம்பும் என்ற கேள்விக்கு அவர்களே வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டும். பாடம் தெரிந்திருப்பதற்கும் அதைக் கற்பிக்கத் தெரிந்திருப்பதற்கும் இடையிலுள்ள இந்தத் தனி அறிவைத்தான் 1986இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் சுட்டிக்காட்டினார். கணிதக் கல்வி ஆய்வாளர் டெபோரா பால் உள்ளிட்டோர் அதைக் கணிதத்திற்கென விரிவாக்கினர். உங்கள் வகுப்பில் மாணவ ஆசிரியர்கள் எழுதிய கணக்குகளைத் தேதியிட்டுச் சேர்த்து வைத்தால், அடுத்த கட்டுரைக்கான தரவு, அவர்கள் ஒப்புதலளிக்கும் பட்சத்தில், அங்கேயே இருக்கும்.

வாசிப்பை, தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காகச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் உருவான கணிதம் கற்பித்தல் குறித்த நிலைப்பாட்டு அறிக்கையிலிருந்து தொடங்கலாம். பிறகு 1968இல் டச்சுக் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃப்ராய்டென்டால் தொடங்கிய 'எஜுகேஷனல் ஸ்டடீஸ் இன் மேத்தமேடிக்ஸ்' போன்ற ஆய்விதழ்களுக்குச் செல்லுங்கள். முதல் கட்டுரையை ஹோமி பாபா மையம் நடத்தும் எபிஸ்டீம் மாநாட்டிற்கு அனுப்பலாம். அனைத்துலகக் கணிதக் கல்வி மாநாடு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்களின் மின்னஞ்சல்கள் அதற்குள் உங்களுக்கு வரத் தொடங்கியிருக்கும். அவற்றுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.