குவாங்சோவில் அலிபேயை ஓட வைத்த கதை

சீனாவின் குவாங்சோவில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் தேவைப்பட்டது, போனிலேயே பணம் கட்டும் அலிபே செயலிதான். காய்கறிக் கடையில்கூட தராசுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டுகளை அதில் இணைக்கலாம். ஆனால் என் இந்திய டெபிட் கார்டு ஏறவே இல்லை.

சிக்கல் கார்டில் இருந்தது. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதிதாகத் தரும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கியே இருக்கும். நாம்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குப் போய், சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனையை ஆன் செய்து, பூஜ்யத்தில் கிடந்த வரம்பையும் உயர்த்தினேன். ஓடிபி ஊர் நம்பருக்குத்தான் வரும். ஆகவே பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரோமிங்கோடு கையில் இருக்கட்டும்.

அப்புறம், அலிபேயின் அடையாளச் சரிபார்ப்பில் கேட்கும் பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலிதான். புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். பெயரை அதில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கொடுத்தேன், சரிபார்ப்பு முடிந்தது.

வெளிநாட்டு கார்டில் ஒரே தடவை 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். வாடகைக்கு இது கட்டுப்படியாகாது. சீனாவில் சம்பளக் கணக்கு திறந்தவுடன் அந்தக் கார்டை இணைத்துக்கொள்ளுங்கள்.