லுத்மிலா: ஸ்லாவியப் பெண் பெயரைப் பிரித்துப் பொருள் பார்ப்பது எப்படி?

ரஷ்ய நாவல் படிக்கிறவர்களுக்கு லுத்மிலா பழகிய பெயர். ரஷ்யம், செக், பல்கேரியம் போன்ற ஸ்லாவிய மொழிகளில் வழங்குவது. இதற்குப் பொருள் தேடி, முதலில் தவறாக எழுதி வைத்திருந்தேன். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

படி 1: உச்சரிப்பைச் சரிசெய்யுங்கள். ரஷ்யர்கள் 'ல்யுத்மீலா' என்பார்கள், அழுத்தம் 'மீ'யில். செக் மொழியில் 'லுத்மிலா', அழுத்தம் முதல் அசையில். 'த்' பத்மாவில் வருவதுபோல ஒலிக்கும்.

படி 2: கடைசி 'ஆ' பெண்பால் ஈறு. அதை எடுத்தால் பல்கேரியாவின் ஆண் பெயர் 'ல்யுத்மில்' கிடைக்கும். அப்புறம் அதை இரண்டாக வெட்டுங்கள்: ல்யுத் + மில்.

படி 3: நான் சறுக்கியது இங்கேதான். 'ல்யு' என்று தொடங்கியதுமே ரஷ்ய 'ல்யுபோவ்', அதாவது அன்பு, என்று முடிவு கட்டிவிட்டேன். 'மில்' என்றால் அன்புக்குரிய என்று பொருள். இரண்டும் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை. ஆனால் அன்புக்கான வேர் 'ல்யுப்'. இந்தப் பெயரில் இருப்பதோ 'ல்யுத்'. ரஷ்யத்தில் 'ல்யுதி' என்றால் மக்கள். செக்கில் 'லிதே'. ஜெர்மன் மொழியில் மக்களைக் குறிக்கும் 'லொய்ட்டெ'கூட இதற்கு உறவுதான். ஆக, லுத்மிலா என்றால் மக்களுக்கு அன்பானவள். முதல் பாதி எந்த மெய்யெழுத்தில் முடிகிறது என்று பார்க்காமல் அகராதியைத் திறக்காதீர்கள்.

சரிபார்க்க, அதே ஈற்றில் முடியும் பெயர்களைப் பக்கத்தில் வையுங்கள். போகுமிலாவில் 'போக்' என்றால் கடவுள், கடவுளுக்கு அன்பானவள். அமைப்பு அப்படியே ஒத்துப்போகிறது. குழந்தைப் பெயர்த் தளங்களை நான் நம்புவதில்லை. வேர்ச்சொல்லைக் காட்டாமல் பொருளை மட்டும் சொல்கிறவை அவை. விக்சனரி என்ற இணைய அகராதியின் ஆங்கிலப் பதிப்பில் வேர்ச்சொல் பகுதியைப் பாருங்கள், போதும்.

படி 4: பெயரைத் தாங்கியவரைத் தேடுங்கள். பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) புனித லுத்மிலா, இளவரசர் வாத்ஸ்லாவை வளர்த்த பாட்டி. 921இல் தேதீன் கோட்டையில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டார். தம் முக்காட்டாலேயே நெரிக்கப்பட்டார் என்பது மரபு. அதனால்தான் ஓவியங்களில் அவர் கழுத்தில் துணி சுற்றியிருக்கும். உடல் பிராக் கோட்டையின் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் இருக்கிறது. செப்டம்பர் 16 அவர் நாள். செக் நாட்டில் லுத்மிலாக்களுக்கு அன்று பெயர்நாள் வாழ்த்து சொல்வார்கள். வீட்டில் கூப்பிடுவது லீதா; ரஷ்யாவில் ல்யூதா, மீலா.

பின்சேர்க்கை: இதே முறையில் கமிலாவை வெட்டிப் பார்த்து ஒருவர் குழம்பியிருந்தார். அதை வெட்டக் கூடாது. அது லத்தீன் பெயர். 'மிலா' என்று முடிவது தற்செயல். ஸ்வெத்லானாவும் இரண்டாகப் பிரியாது. 'ஸ்வெத்' என்றால் ஒளி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யக் கவிஞர்கள் உருவாக்கிப் பரப்பிய பெயர் அது. புனிதர் பட்டியலில் இல்லாததால், ஸ்வெத்லானாக்களுக்கு ஞானஸ்நானத்தில் ஒளி என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'ஃபோத்தினியா' என்ற பெயரை வைத்தார்கள்.