ஊர்ச் சங்கதி தேட வீட்டிலேயே ஒரு தேடுபொறி

கொட்டான் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஆச்சிமார் பனையோலையில் முடைகிற அந்தக் கூடைக்கு அடி எப்படிப் போடுவது, ஓலைக்குச் சாயம் எப்படி ஏற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் தேடினேன். வந்த முதல் பக்கம் முழுக்க விற்பனை. விளம்பரத்தில் சம்பாதிக்கிறவர்கள் எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்கிற வரைக்கும் இது மாறாது என்று தோன்றியதும், காரைக்குடி வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்து நானே ஒரு தேடுபொறி அமைத்தேன். நீங்களும் அமைக்கலாம், புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருளில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது சியர்க்ஸ்என்ஜி (SearXNG), 2021-இல் சியர்க்ஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. உங்கள் கேள்வியை கூகுள், பிங், விக்கிப்பீடியா என்று பல இடங்களுக்கும் எடுத்துப் போய், கிடைப்பதை ஒன்றாக்கித் தரும். எந்த இடத்தில் கேட்கலாம், எங்கே கூடாது என்பதை நீங்களே டிக் போட்டு வைக்கலாம். அன்றாடத் தேடலுக்கு இது போதும். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டால், கேள்வி போவது உங்கள் வீட்டு இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியிலிருந்துதான் என்பதை மறக்க வேண்டாம், நாலு பேர் சேர்ந்து பயன்படுத்தினால்தான் மறைவு கிடைக்கும். இன்னொன்று, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பெரிய தேடுபொறிகள் எடுத்து வைக்காத பக்கம் இதிலும் வராது.

சட்டியையே நம்முடையதாக்குவது இரண்டாவது வழியான யாசி (YaCy). மைக்கேல் கிறிஸ்டன் என்ற ஜெர்மானியர் 2003-இல் தொடங்கியது. இது யாரிடமும் கடன் கேட்காமல், தானே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற தன் அட்டவணையை உங்கள் கணினியிலேயே கட்டுகிறது.

முதலில் யாசி ஓடத் தேவையான ஜாவா என்ற மென்பொருளை நிறுவுங்கள், பிறகு யாசியின் தளத்திலிருந்து மென்பொருளை இறக்கி ஓட விடுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து 8090 என்று போட்டால் (localhost:8090) யாசி திறக்கும். முதல் வேலை, நிர்வாகி பாஸ்வேர்டு வைப்பது. அடுத்து எந்த வகை என்று கேட்கும்: உலகெங்கும் உள்ள யாசி கணினிகளோடு அட்டவணையைப் பகிர்ந்துகொள்வது ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த தளங்களுக்கு மட்டுமான போர்ட்டல் ஒன்று, வீட்டு ஃபைல்களுக்கான இன்ட்ராநெட் ஒன்று. ஊர்ச் சங்கதிக்குப் போர்ட்டல்தான் சரி. ஒரு வகையில் சேர்த்த அட்டவணை இன்னொரு வகைக்கு மாறினால் தெரியாது, அதனால் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இனி எதைப் படிக்க வைப்பது என்று பார்ப்போம். என் நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது தளங்களின் பட்டியல்தான், அதற்கு ஒரு வாரம் ஆனது, அந்த ஒரு வாரம்தான் மொத்த வேலையிலும் முக்கியமானது. ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடி மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி வார்த்துத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள் என்று செய்முறையைச் சொல்கிற பக்கம் உள்ளே வரும். சதுர அடி இவ்வளவு என்று மட்டும் சொல்கிற கடைப் பக்கம் வராது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களைப் பற்றி நிதானமாக எழுதிய பக்கங்கள், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள், இப்படி.

தளங்களைப் போய்ப் படித்து வருகிற பகுதிக்குக் கிராலர் என்று பெயர், யாசியின் கிராலர் பக்கத்தில் தளத்தின் முகவரியைக் கொடுத்து, ஆழம் என்ற இடத்தில் 1 அல்லது 2 போடுங்கள். 0 என்றால் அந்த ஒரே பக்கம், 1 என்றால் அதிலிருந்து போகும் இணைப்புகளும் சேரும். பக்கத்துக்கு 50 இணைப்பு என்று வைத்துக்கொண்டால் ஆழம் 2-இல் 2,500, ஆழம் 3-இல் 1,25,000! ஆசைப்பட்டு 3 போட்டால் லேப்டாப்பும் திணறும், பாவம் அந்தத் தளத்தை நடத்துகிறவருக்கும் சுமை. 'தொடங்கிய தளத்துக்குள் மட்டும்' என்ற கட்டுப்பாட்டையும் கட்டாயம் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அது ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

தமிழுக்கென்று இரண்டு சிக்கல் உண்டு. யாசி சொல்லை எழுத்துக்கு எழுத்துதான் பொருத்திப் பார்க்கும். 'செட்டிநாடு' என்று கேட்டால் 'செட்டிநாட்டு' என்று எழுதிய பக்கம் விட்டுப்போகும், எனவே இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டாவது பெரிய சிக்கல், பழைய எழுத்துரு. எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர் பிடிஎஃப்பாக இருந்தது, இன்ட்ராநெட் வகைக்கு மாற்றிச் சேர்த்தும் ஒரு சொல்கூட அகப்படவில்லை. ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பார்த்தேன், வந்ததெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி மாதிரியான எழுத்துருவில் அச்சுக்கோத்தவை கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு இல்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றைக் கொண்டு, கணினிக்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் தேட முடிந்தது. ஸ்கேன் செய்த அச்சுப் புத்தகம் என்றால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கிற டெசராக்ட் என்ற மென்பொருளை வைத்து எழுத்தாக்குங்கள். பர்மாவிலிருந்து வந்த கைக்கடிதங்களையும் வட்டிக்கடைப் பேரேட்டையும் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்வதுதான் ஒரே வழி, அப்பச்சி சொல்லச் சொல்ல நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மின்வெட்டு நேரத்தில் லேப்டாப் பேட்டரி உதவும், ஆனாலும் யாசியை அதன் நிறுத்து பொத்தானை அழுத்தியே நிறுத்துங்கள், திடீரென்று அணைந்தால் அட்டவணை கெட்டுப்போகலாம். டேட்டா என்ற ஃபோல்டரை மாதம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்து வையுங்கள், உங்கள் உழைப்பு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

வீட்டு வைஃபையில் இருக்கிற எந்த போனிலும் லேப்டாப்பின் ஐபி முகவரியோடு 8090 சேர்த்து அடித்தால் தேடல் பெட்டி வந்துவிடும். ஆச்சி போனில் அதை முகப்பில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். நேற்று கொட்டான் என்று அவர்களே குரலில் சொல்லித் தேடினார்கள், மூன்று பக்கம் வந்தது, மூன்றும் முடைவதைப் பற்றி.