ஒரே பிளைவுட் துண்டுல அழுங்காமை: அடுக்கை எண்ணி இழைக்கிற முறை

இன்டார்சியான்னா தேக்கு, ஈட்டி, பலான்னு பல நிற மரத்தை தனித்தனியா அறுத்து, ஒண்ணோட ஒண்ணு பொருத்தி, மேடு பள்ளமா இழைச்சு செய்யுற மரப்படம். ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் ஊர்ல உக்காந்துக்கிட்டு அத்தனை மரத்துக்கு எங்க போறது? அதான் ஒரே ஒரு 19 மி.மீ பிளைவுட் துண்டுல அழுங்காமையை (கடலாமைல ஒரு வகை) செஞ்சு பாத்தேன், மூணாவது ஆமைலதான் சரியா வந்துச்சு. பிளைவுட்னா மெலிசு மெலிசான மரத்தை அடுக்கடுக்கா ஒட்டின பலகை.

பிளைவுட்டை சரிவா இழைச்சா உள்ள இருக்க அடுக்கெல்லாம் கோடு கோடா வெளிய வரும். ஒவ்வொரு அடுக்கும் அடுத்த அடுக்குக்கு குறுக்க ஓடுறதால வெளிச்சத்துல ஒண்ணு கருப்பா ஒண்ணு வெளுப்பா தெரியும். ஸ்டெயினே (மரத்துக்கு ஏத்துற சாயம்) வேண்டாம், எவ்வளவு ஆழமா இழைக்கிறோமோ அதுதான் படம்.

பலகை

ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரை இருக்க மரைன் பிளைவுட்தான், அதாவது தண்ணிக்குத் தாங்குற பிளைவுட்தான் வாங்கணும். சாதா கமர்ஷியல் பிளைவுட்ல பசை வெளிறி இருக்கும், மரைன்ல போடுற ஃபீனால் பசை கருப்பு கலந்த சிவப்பா இருக்கதால அடுக்குக்கு நடுவுல பேனால கோடு போட்ட மாதிரி விழும். கர்ஜன் மரத்துல செஞ்சதா இருந்தா செம்பழுப்பு நிறம் சும்மாவே கிடைக்கும். கடைல வேஸ்ட் துண்டா கேளுங்க, ஒரு அடிக்கு ஒரு அடி போதும், ஆனா நாலு பக்க ஓரத்தையும் பாத்து வாங்குங்க, ஓட்டை தெரிஞ்சா அங்கேயே வச்சுட்டு வந்துருங்க. உள்ள ஓட்டை இருந்தா இழைக்கும்போது ஆமை முதுகுல வந்து நிக்கும், மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்து அடைச்சாலும் திட்டா தெரியும்.

வரைஞ்சு அறுக்குறது

அழுங்காமை ஓட்டுல நடுவுல 5 தகடு, ரெண்டு பக்கமும் நாலு நாலு, ஆக 13. சுத்தி விளிம்பை ரெண்டு பாதியா வச்சுக்கோங்க, துடுப்பு நாலு, தலை ஒண்ணு. மொத்தம் 20 துண்டு. அறுக்க முன்னாடியே பலகைக்கு அடில ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதிருங்க.

ஜிக்சா மெஷின் வேண்டவே வேண்டாம், பிளேடு தடிமன்ல பாதி கோடு போயிரும், மேல் தோலும் சிலும்பும். கையால இழுக்குற ஃப்ரெட் சா (மெலிசான பிளேடு போட்ட சின்ன ரம்பம்) போதும், பல்லு கீழ பாத்து இருக்கணும், பிளேடு பலகைக்கு நேரா நிக்கணும். சாஞ்சா ஒரு பக்கம் பொருந்தும், மறுபக்கம் இடைவெளி விழும்.

இழைக்கிறது (இங்கதான் ரெண்டு ஆமை போச்சு)

முதல் ரெண்டு தடவையும் ஒவ்வொரு துண்டையும் தனியா கைல பிடிச்சு அழகா உருட்டினேன், தனித்தனியா பாத்தா அருமையா இருந்துச்சு, சேத்து வச்சா ஒரு தகட்டுல நாலாவது அடுக்குல நிக்கிற கோடு பக்கத்து தகட்டுல ஆறாவதுக்கு இறங்கி நிக்குது. பல மரத்துல செஞ்சா இது தெரியாது. ஒரே பலகைல கோடு ஒரு துண்டுலேர்ந்து அடுத்த துண்டுக்கு ஓடணும், அது அறுந்தா கண்ணு நேரா அங்கதான் போகுது.

அதனால இப்ப நான் செய்யுறது இதுதான். ஓட்டு 13 துண்டையும் விளிம்பையும் ஒரு பழைய பலகை மேல டபுள் சைட் டேப் போட்டு நெருக்கி ஒட்டிடுறேன். மொத்தத்தையும் ஒரே ஓடா நினைச்சு மர அரத்தால நடுவுலேர்ந்து வெளிய சரிவா இறக்குறேன். ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, அடுக்கை எண்ணுங்க. நடுத்தகடு மேல இருக்கட்டும், பக்கத்தகடு வெளி ஓரத்துல நாலு அடுக்கு, விளிம்பு ஆறு அடுக்கு இறங்கணும். சரியா போனா முட்டை முட்டையா வளையம் விரிஞ்சு வரும், ஒரு பக்கம் வளையம் நெருக்கமா இருந்தா அங்க செங்குத்தா இறக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

வளையம் சரியானதும்தான் துண்டுகளைப் பிரிக்கணும். அழுங்காமைக்கு தகடு ஓட்டு வீடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி பின்பக்கமா கிடக்கும், அதனால ஒவ்வொரு தகட்டுலயும் தலைப்பக்க ஓரத்தை ஒரு அடுக்கு தணிச்சு, வால்பக்க ஓரத்தை அப்படியே விடுங்க. அறுத்த இடைவெளியும் இதுல மறைஞ்சிரும். துடுப்பை விளிம்பை விட தணிவா, நுனிக்கு மெலிசா இழைங்க. உப்புத்தாள் 80, 120, 220 இந்த வரிசைல. மாஸ்க் கண்டிப்பா போடணும், மரத்தூளோட பசைத்தூளும் சேந்து வரும், என்95 போடாம நான் உக்காரவே மாட்டேன்.

(எங்க சித்தப்பா வலைல ஒரு தடவை அழுங்காமை சிக்கி, புது வலையை அறுத்து விட்டாரு. 1972 வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிர் அது, இந்த ஓட்டுக்காகவே உலகம் பூரா அதைக் கொன்னு குவிச்சாங்க. அந்த ஓடு மரத்துல மட்டும் சுவருல தொங்கட்டும்.)

ஒட்டுறது, பாலிஷ்

6 மி.மீ பிளைவுட்டை ஆமையை விட கொஞ்சம் சின்னதா வெட்டி அது மேல ஃபெவிகால் மரைன் வச்சு, நடுத்தகட்டுலேர்ந்து வெளிய ஒட்டிட்டு வாங்க. முதல்ல பிரெஞ்ச் பாலிஷ் (அரக்கு பாலிஷ்) போட்டேன், ஐப்பசி ஈரத்துல வெள்ளையா பூத்துப்போச்சு. நம்ம கடக்கரைக்கு பியு கிளியர்தான் (நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு), வெயில் அடிக்கிற நாளா பாத்து மெலிசா மூணு கோட்டு.

பின்னாடி சேத்தது

தொண்டிலேர்ந்து ஒரு தம்பி, டேப்பைப் பிரிக்கும்போது அடி அடுக்கு உரிஞ்சு வந்துருச்சுன்னு கேட்டுருந்தாரு. ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டி, கத்தி நுனியை விட்டு மெதுவா கிளப்புங்க தம்பி, நேரா இழுக்கக்கூடாது. இன்னொருத்தருக்கு ஆறு மாசத்துல சுவருல துரு வழிஞ்சிருக்கு, உப்புக்காத்துக்கு இரும்பு ஆணி நிக்காது, பித்தளைக் கொக்கியும் பித்தளை ஸ்க்ரூவும் போடுங்க.