ஒரு காது திடீரென்று மந்தமானால்: காது கேட்கும் கருவி வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இடது காதுல பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்குப்பா" என்றார் அம்மா. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்து, எண்ணெயைக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டோம். ஐந்து நாள் ஓடிவிட்டது. அது அழுக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. உள்காதிலும் நரம்பிலும் வந்த கோளாறு.

இப்படி வீட்டிலேயே நாளைக் கடத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மூன்று நாளுக்குள் ஒரு காது மந்தமானால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தவரை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அழுக்கு அடைப்பு என்றால் அடைத்த காதில்தான் சத்தம் கூடுதலாகக் கேட்கும். நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் போகும். இது ஓர் அடையாளம்தான். எந்தப் பக்கம் கேட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது, பதற்றத்தில் முதல் வாரமே கருவி வாங்குவது. சிகிச்சைக்குப் பிறகும் சில வாரம், சில மாதம் வரை கேட்கும் திறன் மாறலாம். அதுவரை இரவல் கருவி கிடைக்குமா என்று கேளுங்கள்.

இனி சொல்லப்போவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், உள்ள டெசிபெல் என்ற சத்த அளவை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சத்தம் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. சொல் ஓரளவு புரிந்தால் சாதாரணக் கருவி உதவும். சொல் சிதைந்தே கேட்டால், எவ்வளவு பெருக்கினாலும் சிதைந்த சத்தம்தான் பெரிதாகும். அப்படிப்பட்டவர்களுக்கு கிராஸ் என்ற வகை இருக்கிறது: கேட்காத காதில் ஒரு மைக், அது பிடிக்கும் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பிவிடும். நல்ல காதும் சற்று மந்தம் என்றால், அந்தக் காதுக்கும் சத்தத்தைப் பெருக்கித் தரும் பைகிராஸ். அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் சிலருக்குப் பொருந்தும். அதை மருத்துவரிடம் பேசுங்கள்.

அம்மாவுக்கு முதலில் ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்தார்கள். மதிப்பெண் மிகக் குறைவு, கிராஸ்தான் வழி என்றார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. தமிழில் சோதிக்க முடியுமா என்று கேட்டோம். கல், கால், பல், பால் என்று சொல்லச் சொல்ல, பெரும்பாலானவற்றைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். சாதாரணக் கருவியே போதும் என்று முடிவாயிற்று. வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்களோ, அதை, காதைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சத்தமே இல்லாத அறையில் போட்டுப் பார்த்து, "நல்லா கேக்குது" என்று பணம் கட்டிவிடாதீர்கள். சோதனைக் காலம் கேட்டு வாங்கி, சிங்கப்பூரின் தேக்கா மார்க்கெட் மாதிரி இரைச்சலான இடத்துக்குப் போங்கள். நாங்கள் தேக்காவுக்குத்தான் போனோம். இடப்பக்கம் நின்ற மீன்காரர் "பன்னிரண்டு வெள்ளி" என்றது முதல் தடவையிலேயே அம்மாவுக்கு விளங்கியது. அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. கிராஸ் போடுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். கேட்காத பக்கம் இரைச்சல் இருந்தால் அதையும் நல்ல காதுக்குத்தான் அனுப்பும். அந்த நேரம் மைக்கை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் கிராஸ் திருப்பித் தராது. சாலையைக் கடக்கும்போது தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன்பே உதவித்தொகையைக் கேளுங்கள். 60 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, சீனியர்ஸ் மொபிலிட்டி அண்ட் எனேபிளிங் ஃபண்ட் என்ற அரசு உதவி நிதி, கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை தருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, இரவில் கருவியை வைக்க ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றும் வேண்டும்.

கருவி வந்த பிறகும் கோப்பிக்கடையில் அம்மா இடப்பக்கம் சுவர் இருக்கும் மேசையாகத்தான் பார்த்து உட்காருகிறார். பேசுகிற நாங்கள் எல்லாரும் வலப்பக்கம்.